“மூடப் போகிறார்களாம்!” – தங்கவயல் கேட்ட சேதி

ஓசூர் சிப்காட் பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இந்தப் பேச்சு காதில் விழும்.

“கம்பெனியை மூடப் போகிறார்களாம்!”

சொன்னவர் யார்? தெரியாது. அவருக்குச் சொன்னவர் யார்? அதுவும் தெரியாது. ஆனால் மத்தியான ஷிப்டு விடுவதற்குள் சேதி ஆலை முழுவதும் பரவி விடும்.

அவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்தான். ஆனாலும் அந்தச் சேதியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்பார்கள்.

“சும்மா புரளி. போன வருஷமும் இப்படித்தான் சொன்னார்கள்” என்பார் ஒருவர். அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்.

“அண்ணே, நமக்கு வர வேண்டியது ஒழுங்காக வருமா?” என்று கேட்பார் இன்னொருவர். அவர் வீடு கட்டக் கடன் வாங்கி இருப்பார்.

மூன்றாமவர் வாயே திறக்க மாட்டார். ஆனால் சாயந்திரம் வேறு ஒரு கம்பெனி வாசலில் நிற்பார்!

காண்டிராக்டில் வேலை பார்க்கும் பையன் மட்டும் டீயைக் குடித்து விட்டு எழுந்து போவான். அடுத்த மாதம் வேலை உண்டா என்பது அவனுக்கு எந்த மாதமும் தெரியாது.

2019ஆம் ஆண்டில் இந்தப் பேச்சு ஓசூரில் பலமாக அடிபட்டது. அப்போது நாடு முழுவதும் லாரி விற்பனை படுத்து விட்டது. செப்டம்பர் மாதத்தில் ஓசூர் ஆலைகளுக்கு 5 நாள் வேலை இல்லை என்று அசோக் லேலண்டு நிறுவனம் அறிவித்தது. எண்ணூர் ஆலைக்கு 16 நாள்!

ஆலை மூடப்படவில்லை. மந்தம் போயிற்று, வேலை திரும்பி வந்தது. ஆனால் பெரிய ஆலை ஐந்து நாள் கதவடைத்தால் அது ஐந்து நாளோடு போகிற விஷயம் அல்ல. அந்த ஆலைக்கு உதிரிப்பாகம் செய்கிற லேத் பட்டறைக்கு ஆர்டர் குறையும். பட்டறை ஆட்களுக்குச் சாப்பாடு போடுகிற மெஸ்ஸில் இலை குறையும். மெஸ்ஸுக்குக் காய்கறி போடுகிறவர் கையில் காசு குறையும்.

புரளி, புரளியாகவே போவதும் உண்டு. நிஜமாகி விடுவதும் உண்டு.

நிஜமாகிப்போன ஊர் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரியில் இருந்து வடக்கே, வேப்பனப்பள்ளிப் பக்கமாக மாநில எல்லையைத் தாண்டிப் போனால், கர்நாடகத்தின் கோலார் மாவட்டம். அங்கேதான் இருக்கிறது, கோலார் தங்கவயல்!

நம்மவர்கள் போன ஊர்

‘கே.ஜி.எப்.’ என்றதும் பலருக்குச் சினிமாதான் ஞாபகம் வரும். 2018இல் வந்த கன்னடப் படம் அது. 2024இல் ‘தங்கலான்’ வந்தது. சண்டை உண்டு, ரத்தம் உண்டு. ஆனால் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அந்த ஊரில் நடந்ததை எந்தப் படமும் காட்டவில்லை.

1880ஆம் ஆண்டு வாக்கில், லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி அங்கே பெரிய அளவில் சுரங்கம் தோண்டத் தொடங்கியது. இயந்திரம் சீமையில் இருந்து வந்தது. ஆட்கள்?

ஆட்கள் நம் பக்கத்தில் இருந்து போனார்கள். வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தும், சேலம் ஜில்லாவில் இருந்தும், சித்தூர்ப் பக்கத்தில் இருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அந்தக் காலத்துச் சேலம் ஜில்லா என்றால், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் அதற்குள் அடக்கம். 1965இல்தான் தர்மபுரி பிரிந்தது. 2004இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆயிற்று.

போனவர்களில் பெரும்பாலோர் நிலம் இல்லாதவர்கள். ஊருக்கு வெளியே சேரியில் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். படி நெல்லுக்காகப் பிறர் வயலில் உழைத்தவர்கள். அவர்கள் கையில் ரொக்கமாகச் சம்பளம் விழுந்தது. உயிருக்கு ஆபத்தான வேலைதான். ஆனாலும் அந்தக் காசுக்கு யாரையும் கும்பிட வேண்டியது இல்லை!

சுரங்கம் உச்சத்தில் இருந்தபோது 30 ஆயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். சாம்பியன், ஊரிகம், மாரிகுப்பம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று ஊர்கள் முளைத்தன. கன்னட நாட்டின் நடுவே தமிழ் ஊர்! பேச்சு தமிழ், பாட்டு தமிழ், கட்சிக் கொடிகூட நம்ம ஊர்க் கொடிதான். அ.தி.மு.க.வைச் சேர்ந்தவர் தங்கவயலில் நின்று ஜெயித்துக் கர்நாடக சட்டசபைக்குப் போயிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதாளத்தில் வேலை

சுரங்கத்தின் ஆழம் எவ்வளவு தெரியுமா? சாம்பியன் ரீப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம் போனது. இரண்டு மைல்!

திருச்சி மலைக்கோட்டையின் உயரம் சுமார் 83 மீட்டர். அப்படி 38 மலைக்கோட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு ஆழம். இரும்புக் கூண்டில் ஏறி, பல கட்டங்களாக இறங்க வேண்டும். அடியில் பாறையைத் தொட்டால் 60 டிகிரிக்கு மேல் சூடு. அதனால் குளிர்ந்த காற்றைக் கீழே அனுப்பினார்கள். சில சமயம் அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடிக்கும். அப்படி வெடித்தால் உள்ளே இருப்பவர்களின் கதி?

தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவர்கள் ஏராளம். அந்த நோய்க்கு ‘சிலிகோசிஸ்’ என்று பெயர். மூச்சு வாங்கும், நடக்க முடியாது, குணமாகாது.

இப்படி எடுத்த தங்கம், 120 ஆண்டுகளில் சுமார் 800 டன்.

அந்தச் சுரங்கத்துக்காகவே 1902இல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுத்துக் கம்பி வழியாகக் கொண்டு வந்தார்கள். பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான்! பெங்களூருக்கு முன்பே தங்கவயலில் விளக்கு எரிந்தது. இன்னொன்றும் உண்டு. 1965இல், விண்ணில் இருந்து வரும் ‘நியூட்ரினோ’ என்ற நுண்துகளை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துக் காட்டிய இடங்களில் ஒன்று இந்தச் சுரங்கத்தின் அடிவயிறு. மேலே உள்ள பாறை மற்றத் துகள்களை எல்லாம் தடுத்து விடும் என்பதால் அங்கே போனார்கள்.

தேய்ந்த பிறை

தொடக்கத்தில் ஒரு டன் பாறையை இடித்தால் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசிக் காலத்தில் நாலு கிராம்கூடத் தேறவில்லை. ஆனால் ஆழம் போகப் போகச் செலவு ஏறியது. காற்று அனுப்பச் செலவு, தண்ணீர் இறைக்கச் செலவு, கூண்டை இழுக்கச் செலவு.

1956இல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1972இல் ‘பாரத் தங்கச் சுரங்க நிறுவனம்’ உண்டாயிற்று.

தொழிலாளர்களுக்கு இதெல்லாம் தெம்பு தந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி என்றால் மூடிவிட்டுக் கப்பல் ஏறலாம். சர்க்கார் கம்பெனியை மூடுவார்களா? தங்கம் எடுக்கிற கம்பெனியை எந்த சர்க்காராவது மூடுமா?

இது நியாயமான கேள்வியாகத்தான் தோன்றும். ஆனால் கணக்கு வேறு விதமாக இருந்தது. எடுக்கிற தங்கத்தின் விலையை விட எடுப்பதற்கு ஆகும் செலவு அதிகம். ஆண்டுதோறும் நஷ்டம்.

1992இல் சுரங்க நிறுவனத்தின் கணக்கு, நலிந்த தொழில்களுக்கான மத்திய வாரியத்தின் முன்னால் போனது. ஒரு கம்பெனி அந்த வாரியத்தின் வாசலை மிதித்து விட்டால், ஆஸ்பத்திரியில் கடைசி வார்டில் சேர்ந்த மாதிரி. பிழைத்தவையும் உண்டு. ஆனால் சொந்தக்காரர்கள் கூடிப் பேச ஆரம்பித்து விடுவார்கள்.

அன்று தொடங்கி ஒன்பது ஆண்டு காலம் தங்கவயல் கேட்டது இந்த ஒரே பேச்சைத்தான்.

ஒன்பது ஆண்டுப் பேச்சு

ஒன்பது ஆண்டு என்பது கொஞ்சமா? அன்று பள்ளிக்கூடத்தில் சேர்ந்த குழந்தை எட்டாம் வகுப்பைத் தாண்டி இருக்கும். முதல் நாள் கேட்டால் தூக்கம் வராது. நூறாவது நாள் கேட்டால் பழகிப்போகும். ஆயிரமாவது நாள் கேட்டால் சிரிப்பு வரும்.

இப்படிப் பழகிப்போனதுதான் பெரிய கஷ்டம்.

விருப்ப ஓய்வு என்று ஒரு திட்டம் வந்தது. ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போகலாம். போகலாமா, கூடாதா? ஒரே கூண்டில் இறங்குகிற இரண்டு பேரில் ஒருவர் கையெழுத்துப் போடுவார். மற்றவர் “நீ போனால் எங்கள் பலம் குறையும்” என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். போகிறவருக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற மகள் இருக்கலாம். இருக்கிறவருக்கு வேறு தொழில் தெரியாது. பூமிக்குள் இரண்டு மைலில் பாறையைத் துளைக்கத் தெரிந்த கை, மேலே வந்து என்ன செய்யும்?

சிலர் பிள்ளைகளைப் படிக்க வைத்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அதே ஊரில் 1964இல் தொடங்கிய பி.இ.எம்.எல். என்ற மண்வாரி எந்திர ஆலையில் இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் சங்கக் கொடியின் கீழ் நின்றார்கள். ஊர்வலம், உண்ணாவிரதம், டெல்லிக்கு மனு! சங்கமும் ஒன்று அல்ல, பல.

நம்பாமல் இருந்தவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாத்தா இறங்கிய சுரங்கம். அப்பா இறங்கிய சுரங்கம். 120 ஆண்டு நிற்காமல் ஊதிய சங்கு. அது நாளைக்கு ஊதாது என்று யார் சொன்னாலும் காது நம்பாது.

பிப்ரவரி 28

2000ஆம் ஆண்டில், நிறுவனத்தைக் கலைத்து விடலாம் என்று வாரியம் சொல்லி விட்டது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று வேலை இழந்தவர்கள் 3 ஆயிரத்துக்கு மேல்.

அன்று தங்கத்தின் விலை என்ன? பவுன் சுமார் 3,500 ரூபாய். உலகச் சந்தையிலும் தங்கம் அடிமட்ட விலையில் கிடந்த நேரம் அது. 2025ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் ஒரு பவுன் 90 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது! இதை நினைத்தால் வயிறு எரியாமல் இருக்குமா? தங்கம் மிகவும் மலிந்த நேரம் பார்த்துச் சுரங்கம் மூடப்பட்டது.

சுரங்கத்தை மூடுவது என்றால் கதவைப் பூட்டுவது மட்டும் அல்ல. கீழே ஊறுகிற தண்ணீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்பை நிறுத்தினால் தண்ணீர் ஏறும். நிறுத்தினார்கள், ஏறியது. மூன்று தலைமுறை தோண்டிய சுரங்கவழிகள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன.

குழாயும் நின்றது

ஓசூரில் ஒரு கம்பெனி மூடினால் வேலை போகும். தங்கவயலில் வேலையோடு ஊரே போயிற்று. ஏன்?

குடியிருந்த வீடு கம்பெனி வீடு. ‘லைன்’ என்று சொல்வார்கள். வரிசை வரிசையாகச் சின்னச்சின்ன வீடுகள். குடித்த தண்ணீர் கம்பெனித் தண்ணீர். பாலாற்றுத் தண்ணீரைப் பேத்தமங்கலம் ஏரியில் தேக்கி, குழாயில் கொண்டு வந்தார்கள். வைத்தியம் பார்த்தது கம்பெனி ஆஸ்பத்திரி. அந்த வட்டாரத்திலேயே பேர்போன ஆஸ்பத்திரி அது. விளக்கு, பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம், எல்லாமே கம்பெனியுடையது.

கம்பெனி நின்றதும் ஆஸ்பத்திரி நின்றது. குழாயில் தண்ணீருக்குத் திண்டாட்டம். நுரையீரல் கெட்ட முதியவருக்கு அதுவரை இலவசமாகக் கிடைத்த மருந்து, அப்புறம் காசு கொடுத்தால்தான். வீடு யாருக்குச் சொந்தம் என்று ஒரு வழக்கு.

ஊரைச் சுற்றி மலை மலையாக ஒரு சாம்பல் நிற மண் குவிந்து கிடக்கிறது. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு. ‘சயனைடு’ விஷத்தில் ஊறிய மண். காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும். சம்பளம் போயிற்று; தூசி போகவில்லை.

“நாங்களே நடத்துகிறோம்!”

தொழிலாளர்கள் சும்மா இருந்து விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். மூடியது செல்லாது என்றார்கள். அதைவிட முக்கியம், “எங்களிடம் கொடுங்கள், கூட்டுறவுச் சங்கம் வைத்து நாங்களே சுரங்கத்தை நடத்துகிறோம்” என்று கேட்டார்கள்.

துணிச்சலான யோசனைதான். எந்தப் பாறையில் தங்கம் ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியாதா? ஆனால் பம்பு வைத்துத் தண்ணீர் இறைக்கவே கோடிக்கணக்கில் பணம் வேண்டும். பணம் போட யார் வருவார்கள்?

கர்நாடக உயர்நீதிமன்றம், பிறகு டெல்லியில் உச்சநீதிமன்றம் என்று வழக்கு நடந்தது. 2013இல், உலக அளவில் டெண்டர் விட்டு விற்கலாம் என்று உச்சநீதிமன்றம் வழிவிட்டது. மூடி 12 ஆண்டு ஆகியிருந்தது. வழக்குப் போட்ட காலத்தில் கருப்பாக இருந்த தலைகள் நரைத்து விட்டன.

அதுவரை வயிறு சும்மா இருக்குமா?

மாரிகுப்பம் ரெயில்

தங்கவயலுக்கு ரெயில் பாதை வந்தது 1894இல். பங்காருப்பேட்டையில் இருந்து மாரிகுப்பம் வரை, சுரங்கத்துக்குச் சாமான் ஏற்ற வந்த பாதை. சுரங்கம் மூடிய பிறகு அந்தப் பாதைதான் ஊரைக் காப்பாற்றியது.

விடிவதற்கு முன்பே வண்டி புறப்படும். பெங்களூர் சுமார் 100 கிலோமீட்டர். ஆயிரக்கணக்கான பேர் சீசன் டிக்கெட் வாங்கிக்கொண்டு தினம் போய் வருகிறார்கள். கட்டட வேலை, காவல் வேலை, தையல் ஆலை, கடை வேலை. வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போகாத பெண்கள்கூட டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறினார்கள். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வரவும் அப்படியே. பிள்ளைகள் தூங்கும்போது புறப்பட்டு, தூங்கிய பிறகு திரும்புகிற அப்பாக்கள் அந்த ஊரில் நிறைய.

15 நாளும் 130 நாளும்

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஒரு ஆலையை முதலாளி நினைத்த நேரத்தில் மூடி விடலாமா?

முடியாது. பெரிய ஆலையாக இருந்தால் அரசாங்கத்திடம் 90 நாள் முன்பே மனுக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 60 நாளுக்குள் அரசாங்கம் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே அர்த்தம். எது பெரிய ஆலை? முன்பெல்லாம் 100 தொழிலாளர் இருந்தாலே இந்த விதி உண்டு. 2025 நவம்பர் 21ஆம் தேதி முதல் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. அதன்படி 300 பேர் இருந்தால்தான் அனுமதி வேண்டும். 50 பேருக்கு மேல், 300க்குள் என்றால், 60 நாள் முன்னால் நோட்டீசு கொடுத்தால் போதும்.

ஓசூரில் 300 பேர் வேலை செய்கிற ஆலைகள் உண்டு. ஆனால் 30 பேரும் 60 பேரும் வேலை செய்கிற பட்டறைகள்தான் தெருவுக்குத் தெரு. இந்த மாற்றம் யாரைத் தொடும் என்று நான் சொல்ல வேண்டியது இல்லை.

மூடினால் நஷ்டஈடு உண்டு. ஒரு வருஷ சர்வீசுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். சட்டம் சொல்கிற குறைந்த அளவு இது. அதற்கு மேல் பேசி வாங்கலாம்.

சென்னைக்கு அருகே மறைமலைநகரில் போர்டு கார் ஆலை இருந்தது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக 2021 செப்டம்பர் 9ஆம் தேதி அந்த நிறுவனம் அறிவித்தது. இடி விழுந்த மாதிரி! ஆனால் நிரந்தரத் தொழிலாளர்கள் சுமார் 2,600 பேர் பிரியவில்லை. நஷ்டஈட்டை உயர்த்தச் சொல்லிப் பேசினார்கள். 2022 மே மாதக் கடைசியில் வேலைநிறுத்தம் செய்தார்கள். முடிவில் அவர்களுக்குக் கிடைத்தது, ஒரு வருஷ சர்வீசுக்குச் சராசரியாகச் சுமார் 130 நாள் சம்பளம்!

வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் 15 எங்கே, 130 எங்கே?

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலைக் கதை வேறு. அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இளவயதினர், கிராமத்துப் பெண்கள் நிறையப் பேர். 2014ஆம் ஆண்டு, ஆலை நிற்பதற்குச் சில மாதம் முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் போய்விட்டார்கள். நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றபோது மிச்சம் இருந்தவர்கள் சுமார் ஆயிரம் பேர்தான்.

வீட்டில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

மூடும் பேச்சு வந்தால் பல ஆண்கள் அதை வீட்டில் சொல்வது இல்லை. “அவள் பயப்படுவாள்” என்று மறைப்பார்கள். இது சரி அல்ல என்பது என் அபிப்பிராயம். கடன் வாங்கலாமா, சீட்டுக் கட்டலாமா, நிலத்துக்கு முன்பணம் கொடுக்கலாமா என்று அந்த வாரம்தான் வீட்டில் யோசிப்பார்கள். தெரிந்தால் நிறுத்தி வைப்பார்கள் அல்லவா?

காகிதங்களை அன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சம்பளச் சீட்டு மாதாமாதம் இருக்கிறதா? வேலையில் சேர்ந்த தேதி எந்தக் காகிதத்தில் இருக்கிறது? நஷ்டஈடு வருஷக் கணக்கில் வருவது. சேர்ந்த தேதிக்கு ருசு இல்லாவிட்டால் வருஷம் குறையும், பணமும் குறையும்.

பி.எப். கணக்கில் பணம் மாதந்தோறும் ஏறி இருக்கிறதா? சம்பளத்தில் பிடித்து விட்டுக் கணக்கில் கட்டாமல் விடுகிற முதலாளிகளும் இருக்கிறார்கள். ஆலை நடக்கும்போது கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும். பூட்டிய பிறகு யாரைக் கேட்பது? கணக்கில் வாரிசு பெயர் சரியாக இருக்கிறதா? கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்தவர்கள், பிறகு மாற்றவே மறந்து இருப்பார்கள்.

கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை வேறு, மூடுவதற்கான நஷ்டஈடு வேறு. ஐந்து ஆண்டு சர்வீசு முடித்த நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை உண்டு. அதுவும் வருஷத்துக்கு 15 நாள் சம்பளக் கணக்கு. “இரண்டும் ஒன்றுதான், இதில் கையெழுத்துப் போடு” என்று யாராவது சொன்னால், போடாதீர்கள். படித்துக் காட்டச் சொல்லுங்கள். காகிதம் இங்கிலீஷில் இருந்தால் ‘தமிழில் கொடுங்கள்’ என்று கேட்பதில் வெட்கம் இல்லை.

காண்டிராக்டில் இருக்கிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். காகிதத்தில் அவர்கள் முதலாளி காண்டிராக்டர். ஆலை மூடினால் ஆலைக்காரர் அவரைக் காட்டுவார். அவர் ஆலையைக் காட்டுவார். அதனால் அந்தப் பையன்கள் காண்டிராக்டர் பெயர் போட்ட அடையாள அட்டையையும், சம்பளம் ஏறிய பாங்கிக் கணக்குப் புத்தகத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அதை விட்டால் அவர்கள் கையில் வேறு ருசு கிடையாது.

மறுபடி ஒரு சேதி

தங்கவயலில் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆனால் சேதி தலைகீழாகி விட்டது.

“திறக்கப் போகிறார்களாம்!”

தேர்தல் வந்தால் இந்தப் பேச்சு வரும். தங்கம் விலை ஏறினால் வரும். டெல்லியில் இருந்து யாராவது ஜீப்பில் வந்து இறங்கினால் வரும். பழைய கூட்டாளிகள் மரத்தடியில் உட்கார்ந்து அதே மாதிரி இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவார்கள். ஒருவர் “நிச்சயம் திறப்பான்” என்பார். இன்னொருவர் “புரளி” என்பார்.

2024 ஜூனில் நிஜமாகவே ஒரு சேதி வந்தது. அந்தச் சாம்பல் மண் மலைகளில் இன்னும் கொஞ்சம் தங்கம் கலந்து கிடக்கிறது. அதை அலசி எடுக்கலாம் என்ற மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக மந்திரிசபை சம்மதம் கொடுத்தது. 13 மண் மேடுகள், ஆயிரம் ஏக்கருக்கு மேல்.

அது மேலே கிடக்கிற மண்ணை மறுபடி அலசுகிற வேலை. கீழே இறங்குகிற வேலை அல்ல. எந்திரம் வைத்துச் செய்வது. அதிக ஆட்கள் வேண்டியது இல்லை. 2001 பிப்ரவரியில் 30 வயதில் கூண்டை விட்டு வெளியே வந்த தொழிலாளிக்கு, அந்தச் சேதி வந்த அன்று வயது 53.